தாளிக்காத ஊரில் ஒரு விருந்துப் பயணம்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்களுக்கு ஒரு டீ-ஷர்ட் கொடுத்திருப்பார்கள். நெஞ்சில் வாழை இலைப் படம், முதுகில் ‘ருசிக்க வாங்க கோவைக்கு’ என்று எழுத்து. நான் ஓய்வு பெற்ற பிறகு, மரியாதைக்காக எனக்கும் ஒன்று அனுப்பி வைத்தார்கள். நல்ல பருத்தித் துணி. ஸ்கூட்டர் துடைக்க அதைவிட நல்ல துணி கிடைக்காது.

“புதுசா வந்திருக்கற பசங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம், கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி” என்று கேட்டிருக்கிறார்கள். ஊக்கம் என் கைவசம் இல்லை. கோபம் நிறைய இருக்கிறது, அதை வேண்டுமானால் தருகிறேன். வாங்கிக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

நான் கோயம்புத்தூரில், நீங்கள் சேர்ந்திருக்கிற இதே சுற்றுலா நிறுவனத்தில், உணவுப் பயணங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவள். வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றிக் கூட்டிப்போய், ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வைத்து, திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் வேலை. மலை பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் டீ குடித்துவிட்டு ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். கோபுரம் பார்க்க வருகிறவர்கள் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் போய்விடுவார்கள். அவர்களைக் கோயம்புத்தூரில் பிடித்து நிறுத்துவதற்கு நம்மிடம் இருப்பது சாப்பாடும், அதை நாம் போடுகிற விதமும்தான். இந்த உண்மை தெரிந்துபோன பிறகு ஊரில் ஆளாளுக்கு அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

பெரிய ஓட்டல்களில் ‘கொங்கு கிராமத்து விருந்து’ என்று ஒன்று போடுகிறார்கள், போய்ப் பாருங்கள். ஏ.சி. ஹாலில் வைக்கோலைப் பரப்பி, வண்டிச் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து, அரிக்கேன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பு வைத்திருப்பார்கள். பரிமாறுகிற பையன் எங்கோ வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன். அவனுக்கு வேட்டி கட்டிவிட்டு “வாங்க கண்ணு” என்று சொல்லப் பழக்கியிருப்பார்கள். அவனும் பேரன் பேத்தி எடுத்த பெரியவரைப் பார்த்து “வாங்க கண்ணு” என்பான். அவன் மேல் தப்பில்லை, சொல்லிக் கொடுத்தவனைத்தான் தேட வேண்டும். அரிசிம்பருப்புச் சாதத்தை ஐஸ்கிரீம் கோப்பையில் வைத்து, மேலே ஒரு கறிவேப்பிலையைக் கொடிபோல் நட்டுக் கொண்டுவந்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். ரோட்டோரக் காளான் கடையில் ஒரு யூடியூப்காரர் கண்ணை மூடிக்கொண்டு, மலைக்காட்டுக் காளானின் மணம் மூக்கில் ஏறுகிறது என்று உருகினார். அவர் வாயில் இருந்தது காளான் மசாலாவில் கலக்கிற முட்டைக்கோஸ். கடைக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கூத்துகள். சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஊர். அங்கே சரஸ்வதி என்று ஒருத்தி, என்னைவிட இளையவள். நான் சரசு என்றுதான் கூப்பிடுவேன். புருஷனும் அவளும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்னை, வாழை, மாடு, யானை வந்து மிதித்துவிட்டுப் போனால் மறுபடி எழுப்புகிற வேலி என்று ஓயாத வேலை. அவள் வீட்டு மதியச் சாப்பாடுதான் எங்கள் பயணத்திலேயே பெயர் வாங்கியது. நாட்டுக்கோழிக் குழம்பு, அரிசிம்பருப்பு, கொள்ளு ரசம், தயிர். விருந்தாளிகள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாதிப் பேர் கால் மரத்துப்போய், அப்படியும் இன்னொரு கை சோறு கேட்பார்கள். இதற்கு நாங்கள் விளம்பரம் போட்டதே இல்லை. சாப்பிட்டுப் போனவர் நாலு பேரிடம் சொல்வார், அவர்கள் கிளம்பி வருவார்கள். சாப்பாடு ஒரு ஊருக்கு ஆளை இழுப்பது இப்படித்தான். மற்றதெல்லாம் பேனர் அடிக்கிறவர்களின் பிழைப்பு.

அந்த வீட்டுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் நான் ஒன்று செய்வேன். போன் போட்டு, ஊரில் என்ன விசேஷம், யார் வீட்டில் என்ன காரியம் என்று விசாரித்துவிட்டுத்தான் குறிப்பேன். நேராக “வரலாமா?” என்று மட்டும் கேட்டால் பயனில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, வருகிறேன் என்பவரை வராதே என்று சொல்ல நாக்கு எழாது. வீட்டுக் கூரை இடிந்து விழுந்துகொண்டிருந்தாலும் “வாங்க, அதுக்கென்னங்க” என்பார்கள். போனை வைத்துவிட்டுத்தான் தலையில் கைவைத்து உட்காருவார்கள்.

ஒரு பங்குனியில், இணையத்தில் பெரிய கூட்டம் வைத்திருக்கிற மும்பைக்காரர் ஒருவர் எங்கள் பயணத்தைப் படம் பிடிக்க வருவதாக ஏற்பாடானது. எங்கள் முதலாளியின் மகன் அப்போதுதான் படித்துவிட்டு வந்து ‘டைரக்டர்’ என்று அறைக் கதவில் பலகை மாட்டியிருந்தார். மும்பைக்காரரின் விமானத்துக்குத் தோதாகப் பயணத்தை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார். ஊரில் விசாரித்துவிட்டு மாற்றுங்கள் தம்பி என்று நான் சொன்னேன்.

“காலண்டர் பாத்துட்டனுங்க்கா. அந்த வாரம் ஒரு லீவும் இல்ல. சரசக்காவுக்கும் நானே போன் பண்ணிட்டேன், வாங்கன்னு சொல்லிட்டாங்க” என்றார்.

ஊர்க்காரர்கள் கூடிப் பேசி நாள் குறிக்கிற மாரியம்மன் நோம்பித் திருவிழாவை இவருடைய செல்போன் காலண்டரில் யார் வந்து போட்டு வைப்பார்கள்?

வேன் அந்த ஊருக்குள் திரும்பும்போதே வீதி நெடுக வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பூச்சாட்டு முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்குப் பூச்சாட்டு என்றால் தெரியாமல் இருக்கலாம். நோம்பி தொடங்கிவிட்டது என்று அம்மன் கோயிலில் ஊர் கூடிச் சொல்வது அது. சாட்டிவிட்டால், நோம்பி முடிகிறவரை அந்த ஊரில் எவரும் கறி சமைக்க மாட்டார்கள். எண்ணெய் காய வைத்துத் தாளிக்கவும் மாட்டார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் ஒரு வீட்டிலும் கேட்காது. வெந்ததை வெந்தபடி உப்புப் போட்டுச் சாப்பிடுவார்கள். எல்லா ஊரிலும் இப்படி இல்லை, இந்த ஊரில் இருந்தது.

விருந்தாளிகளை வேனிலேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் வீட்டுக்குள் ஓடினேன். டைரக்டர் தன் காரில் முன்னாலேயே வந்து சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் ஓட்டலிலிருந்து வந்த பெரிய ஹாட்பாக்ஸ். பக்கத்தில் கடையிலிருந்து அப்படியே வந்த புது மண்சட்டிகள். சரசு விறகடுப்புக்கு முன்னால் நின்றாள். அடுப்பின் மேல் தாளிப்புக் கரண்டி, அதில் எண்ணெய். இன்னும் காயவில்லை.

“சாட்டியாச்சா சரசு?”

“முந்தா நேத்துச் சாட்டியாச்சுங்க்கா.”

“கையில என்ன, காப்பா?”

“பூவோடு எடுக்கறனுங்க்கா. பையனுக்கு வேண்டிக்கிட்டது.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூவோடு என்றால், சட்டியில் நெருப்பை வளர்த்துக் கையில் ஏந்திக்கொண்டு வீதி வழியாகக் கோயிலுக்குப் போவது. நேர்ந்துகொண்டவர்கள் சாட்டியதும் கையில் மஞ்சள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். அவள் மகன் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். பைக்கில் போகும்போது லாரி மோதி, இடுப்புக்குக் கீழே நொறுங்கிப் படுத்த படுக்கையாய்க் கிடந்தான். எழுந்து நடந்தால் பூவோடு எடுக்கிறேன் என்று அப்போது வேண்டிக்கொண்டாள். கோல் ஊன்றித்தான் என்றாலும், நடந்துவிட்டான். அதற்கான பூவோடு இது. காப்புக் கட்டிய கை அந்த அடுப்பில் தாளித்தால் விரதம் போயிற்று.

டைரக்டர் குறுக்கே வந்தார். “அக்கா, சாட்டிட்டாங்கன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. கோழி இவங்க சமைக்கலீங்க. ஓட்டல்ல இருந்து நான் கொண்டாந்துட்டேன். மண்சட்டிக்கு மாத்தி அடுப்புல வெச்சு, மேல ஒரு தாளிப்பு மட்டும் இவங்க கையால கொட்டுனாப் போதும். அந்தச் சத்தமும் பொகையுந்தான் வீடியோவுக்கு வேணும். ஒரு நிமிஷ வேலைங்க்கா.”

“சாட்டுன ஊர்ல, காப்புக் கட்டுன பொம்பளையத் தாளிக்கச் சொல்றீங்களா தம்பி?”

“கதவச் சாத்திக்கலாங்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

இந்த டைரக்டர் எங்கிருந்தோ வந்து குதித்தவர் அல்ல. பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்க்காரர். அவர் ஊரிலும் நோம்பி சாட்டுவார்கள், சின்ன வயதில் அந்த நாட்களில் தாளிக்காத பருப்பைப் பிசைந்து சாப்பிட்டவர்தான். தெரியாதவர் கேட்டால் உட்கார வைத்து விளக்கலாம். தெரிந்தவரே, யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. இதே ஆள்தான் வரவேற்பு மேசையில் ‘எங்கள் மண், எங்கள் மரபு’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்.

அதைவிடக் கொடுமை சரசு சொன்னது. “வந்தவீங்க மொகம் வாடிப் போகக்கூடாதுங்க்கா. காப்பக் கழட்டி வெச்சுப்போட்டுச் செஞ்சு குடுத்தர்றனுங்க. அடுத்த வருசம் எடுத்துக்கறேன். ஆத்தா பொறுத்துக்குவா.” சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிவிட்டது. காப்பை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. மும்பைக்காரர் இறங்கிக் கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். என் எதிரில் நிற்பவர் முதலாளி மகன், என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று கையெழுத்துப் போடப் போகிறவரும் அவரே. நம் தொழிலில் பயிற்சி கொடுக்க வருகிற கோட் போட்ட ஆட்கள், எல்லாத் தரப்புக்கும் திருப்தியான முடிவு என்று ஒன்றைப் படம் போட்டுக் காட்டுவார்கள். அப்படி ஒரு முடிவு அந்தச் சமையலறையில் இல்லை. ஒரு பக்கம், வேனில் இருக்கிறவர்களின் ஒருவேளை ஏமாற்றம். இன்னொரு பக்கம், மகன் நடந்ததற்காக ஒரு தாய் கட்டிய காப்பு. இதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று எவனாவது சொன்னால் அவன் சோறு தின்கிற மனுஷன் இல்லை.

நான் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் கல்லின் மேல் வைத்தேன்.

“சரசு, நீ காப்பக் கழட்டுனீன்னா நான் இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன். தம்பி, அந்தப் பொட்டிய எடுத்துட்டுப் போயி உங்க கார்ல வைங்க. இந்த ஊட்டுக்குள்ள அது இருக்கப்படாது.”

“உங்க வேலைய நீங்களே கெடுத்துக்கறீங்க்கா.”

“கெடட்டும். தூக்குங்க.”

தூக்கினார். டைரக்டர் ஆன பிறகு அவர் தூக்கிய முதல் சுமை அதுவாகத்தான் இருக்கும்.

வேனுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்த ஊரில் நோம்பி சாட்டிவிட்டார்கள், இன்றைக்குக் கோழியும் கிடையாது, தாளிப்பும் கிடையாது. கோழிதான் வேண்டும் என்றால் அந்தக் காரில் ஓட்டல் கோழி இருக்கிறது, ஊருக்கு வெளியே போய்த் தாராளமாகச் சாப்பிடலாம். இந்த வீட்டுக்காரர்கள் இன்று எதைச் சாப்பிடுகிறார்களோ அதுவே போதும் என்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாம். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று மும்பைக்காரர் கேட்டார். நம்ம ஊர் வாழ்க்கையை அப்படியே காட்டுகிறவர் என்று அவருக்குப் பெயர். அப்படியே இருந்த வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. வேனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் கோழிக்குப் போனார்கள். புனேயிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மாவும், ஒரு வயதான தம்பதியும் மட்டும் இறங்கினார்கள்.

சரசு கம்மஞ்சோறும், வேகவைத்த பருப்பும், உப்பும் தேங்காய்ப்பூவும் போட்ட முருங்கைக்கீரையும், கெட்டித் தயிரும், பச்சை மாங்காய்க் கீற்றும் வைத்தாள். “ருசி இருக்காதுங்க, கோவிச்சுக்காதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அது அமிர்தமாக இருந்தது, விருந்தாளிகள் கண்ணீர் விட்டார்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள். தாளிக்காத பருப்பு தாளிக்காத பருப்பு மாதிரிதான் இருந்தது. டாக்டரம்மாவும் அதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் இப்படிச் சமைக்கிறார்கள், காப்பு எதற்கு, மகனுக்கு எந்த எலும்பு உடைந்தது என்று கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தார். மகனைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, காலுக்கு ஒரு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். வேன் மற்றவர்களோடு போய்விட்டதால், சாயங்காலம் அவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தேன். நெரிசலில் நின்றுகொண்டே டாக்டரம்மா, நோம்பி முடிந்த பிறகு எப்போது வந்தால் இந்த வீட்டில் கோழி கிடைக்கும் என்று கேட்டார்.

இந்த வேலையில் நான் ஏங்கிக் காத்திருந்த கேள்வி அது. நமக்கு வாய்த்தபோதெல்லாம் வராமல், அவர்களுக்கு வாய்த்தபோது வருகிறேன் என்பது. அடுத்த வருஷமும் வந்தார், தங்கையையும் கூட்டிக்கொண்டு.

மும்பைக்காரரின் வீடியோ சில நாட்களில் வெளிவந்தது. போகிற வழியில் ஏதோ ஒரு தென்னந்தோப்பில் மண்சட்டியை வைத்து, தோப்புக் காவல்காரரின் மனைவி கையில் அகப்பையைக் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள். ஏர்கண்டிஷன் சமையலறையில் வெந்த கோழிக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் ரகசியச் சமையல் என்று பெயர். சட்டியின் அடியில் கரி கூடப் பிடிக்கவில்லை. அந்த அம்மாள், எப்போது விடுவார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தத் தோப்பில் இப்போது குடிசைகள் போட்டு, ஊஞ்சல் கட்டி, டிக்கெட் கொடுக்கிறார்கள். உங்களில் சிலரை அங்கேதான் முதலில் அனுப்புவார்கள். கூட்டம் வருகிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. வந்தவர்கள் ஊஞ்சலில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், திரும்பி வருவதில்லை. அப்படிப்பட்ட ஊஞ்சல் அவரவர் ஊரிலேயே இருக்கிறது.

வீடியோ ஓடிய ஜோரில் என் வேலை நீட்டிக்கப்படவில்லை. அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்து, சால்வை போர்த்தி, பாதாம் பருப்புப் பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். டைரக்டர் என் சேவையைப் பாராட்டிப் பேசும்போது என் பெயரைக் காகிதத்தில் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வேலையை நான் ஆசைப்பட்டுச் செய்தவள்.

ஆனால் அந்த வருஷத்து நோம்பிக் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. அதே நோம்பியில், பூவோட்டன்று நான் அந்த ஊருக்குப் போனேன். பொழுது சாய்கிற நேரம். வீதியெல்லாம் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருந்தார்கள். பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. மஞ்சள் சேலையில் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வேப்பிலையைக் கையில் அண்டக் கொடுத்து அதன்மேல் நெருப்புச் சட்டி. முன்வரிசையில் சரசு. அவள் பக்கத்தில், கோலை ஊன்றி ஊன்றி அவள் மகன்.

வீதியின் நடுவில் டைரக்டர் நின்றிருந்தார். அடுத்த வருஷத்துக்கு ‘நோம்பி விருந்துப் பயணம்’ என்று புதிதாக ஒன்று விற்கப் போகிறாராம், அதற்குப் படம் வேண்டுமாம். முக்காலியில் கேமராவை நிறுத்தி, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

“சரசக்கா! ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க! சட்டியக் கொஞ்சம் மேல தூக்குங்க! பையனப் பாருங்க... இல்லல்ல, இங்க, கேமராவப் பாருங்க!”

எங்கே நின்றுவிடுவாளோ என்று பயந்தேன். யார் எது கேட்டாலும் “அதுக்கென்னங்க” என்றே பழகிய வாய் அவளுடையது.

அவள் நிற்கவில்லை. நடையைக் குறைக்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. எரிகிற சட்டியோடு நேராக அவரைப் பார்த்தே நடந்தாள்.

“ஒதுங்குங்க தம்பி. ஆத்தா வாரா.”

மரியாதையாகத்தான் சொன்னாள். நெருப்பின் அனல் முகத்தில் அடித்த பிறகுதான் அவர் பின்னால் குதித்தார். முக்காலி சரிந்து, கேமராவோடு சாக்கடையில் விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுக்க அந்த வீதியில் ஒருவரும் முன்வரவில்லை. பம்பைக்காரர்கள் அடியை நிறுத்தவில்லை. சரசு கோயில் வாசலுக்குத் திரும்பிவிட்டாள். அவள் மகன் சாக்கடை ஓரமாகக் கோலை ஒரு தடவை அழுத்தி ஊன்றிக்கொண்டு, அம்மா பின்னால் நடந்து போனான்.